ஒரு வீதிக்கு ஒரு தடவை

சிங்காநல்லூர்
9.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை மாசாணியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. அங்கே நீங்கள், அண்ணி, மகன் கௌதமன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகந்தானே? சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களா, இல்லை வழக்கம்போல அடுத்த மாசமா?

கிணத்துக்கடவுக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம். இதற்குப் போய்த் தபாலா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனில் மூன்றாவது பேச்சிலேயே "செரி அம்மணி, வெச்சர்றேன்" என்கிறீர்கள். அதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் சொல்வதை வீடே கேட்கிறது. இது நாம் இரண்டு பேரும் மட்டும் பேசவேண்டிய விஷயம்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த கிருபாசங்கர் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறான். பழைய சினிமா நோட்டீஸ் சேர்க்கிற பைத்தியம். பேசாப்படக் காலத்தில் ஊர் ஊராகப் போன டெண்டு கொட்டகைக்காரர்கள் சிரிப்புப் படங்களுக்கு எப்படி விளம்பரம் செய்தார்கள் என்று டவுன்ஹால் பக்கம் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறான். அக்டோபர் 20 திறப்பு. நோட்டீசுகளைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டான். படித்துப் படித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. "வயிறு புண்ணானால் கம்பெனி ஜவாப்தாரி அல்ல", "பொய்ப்பல் கட்டியவர்கள் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளவும்", "சிரித்து மயங்கினால் சோடா இனாம், மழை பெய்தால் ஆட்டம் இல்லை". எப்படி எழுதியிருக்கிறான்கள் பாருங்கள்!

அந்தக் கட்டுக்குள் ஒரு போட்டோ. கட்டை வண்டி, இரண்டு பக்கமும் தட்டி, மேலே தப்பட்டைக்காரர்கள். வண்டிக்கு முன்னால் கோட்டும் நீளத் தொப்பியும் போட்டு, முகத்தில் வெள்ளை அப்பி, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள். இடது காதுமடல் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. "எங்கப்பாவுக்குக் கடுக்கன் போட்ட காது, மாட்டுக் கயித்துல சிக்கிக் கிழிஞ்சுபோச்சு" என்று அம்மா சொல்வாளே, அதே காது. நம் அப்புச்சியின் காது. போட்டோவின் பின்பக்கம் "கிணத்துக்கடவு, 1932" என்று இருக்கிறது. அப்புச்சி சில மாசம் கொட்டகை வேலைக்குப் போனார் என்று அம்மா ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். நமக்குத் தெரிந்ததெல்லாம் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து, மூலையில் கிடந்த அப்புச்சிதான். அவருக்கு இப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது, அண்ணா!

போட்டோவுக்குக் கீழே "பெயர் தெரியவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெயரை எழுதுவார்களாம். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். போட்டோவின் ஜெராக்ஸும் ஃபாரமும் உள்ளே இருக்கின்றன. உங்களுடையதைப் போட்டு உடனே அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கள் தங்கை,
மாசாணி

கிணத்துக்கடவு
22.7.2024

அன்புத் தங்கை மாசாணிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. கடிதம் வந்தது. எல்லோரும் சுகம். தென்னைக்குத்தான் சுகமில்லை, வெள்ளை ஈ மறுபடி வந்துவிட்டது. ஓலையெல்லாம் கரி பூசியது போல இருக்கிறது. உன் முழங்காலுக்கு முடக்கத்தான் ரசம் வைத்துக் குடி என்று அண்ணி சொல்லச் சொன்னாள்.

ஜெராக்ஸைப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் புரை, உன் ஜெராக்ஸில் அமாவாசை. எனக்குத் தெரிந்து இது அப்புச்சி இல்லை. கிழிந்த காது அந்தக் காலத்தில் வீதிக்கு நாலு இருக்கும். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் எத்தனை காது பார்த்திருப்பேன்! வேறு யாருடைய தாத்தாவோ. அவர் பேரன் வந்து நம்மிடம் சண்டைக்கு நின்றால் நீயா பதில் சொல்வாய்?

ஃபாரம் பத்திரமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
அங்கப்பன்

சிங்காநல்லூர்
29.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். முடக்கத்தான் ரசம் மூன்று நாளாகக் குடிக்கிறேன். முழங்கால் யோசித்துக்கொண்டிருக்கிறது.

அமாவாசை என்றீர்களே, இதோ பௌர்ணமி. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறேன். காதை மட்டும் பார்க்க வேண்டாம், மோவாயைப் பாருங்கள். உங்களுடைய மோவாய். கண்ணாடி பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஒன்று ஞாபகம் வந்தது. நம்மைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனால், சோகம் வரும்போதெல்லாம் அம்மா ஆடாமல் உட்கார்ந்து அழுவாள். சிரிப்புக் காட்சி வந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவாள். முடிந்த பிறகுதான் வருவாள். நான் மடியைப் பிடித்து இழுத்தாலும் நிற்கமாட்டாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? கோமாளி மகள் கோமாளியைப் பார்க்க மாட்டேன் என்பது வேடிக்கையாக இல்லையா?

ஃபாரத்துக்குக் காத்திருக்கிறேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

மாசாணி

கிணத்துக்கடவு
26.8.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறேன். குனியக்கூடாது, எழுதக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் தாமதம். உலகம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. வீட்டுச் சுவரில் இத்தனை அழுக்கா என்று கேட்டு மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா வெளியே போனது உனக்கு முறுக்கு வாங்க. நீ அப்போது தின்னிப் பண்டாரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அங்கப்பன்

சிங்காநல்லூர்
6.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண் நல்லபடியாக ஆனது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள். "அப்பறம் விட்டுக்கலாம்" என்கிற உங்கள் வழக்கம் கண்ணிடம் செல்லாது.

முறுக்குக் கதையை நம்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கண் தெளிந்துவிட்டதே, போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

இங்கே வேலை மும்முரம். வாசலில் அப்புச்சியை ஆளுயரத்துக்கு அட்டையில் வெட்டி நிறுத்தப் போகிறார்கள். பக்கத்தில் ஒரு மெத்தை. வருகிறவர்கள் அவர் மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு தொப்பென்று விழுந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். "விழுந்து காட்டுங்கள்" என்று மேலே எழுத்து. சும்மா சொல்லக் கூடாது, யோசனை என்னுடையது! அந்தக் காலத்தில் வண்டியும் தப்பட்டையும். இந்தக் காலத்தில் ஆளுக்கொரு செல்போன். ஒரு பள்ளிக்கூடம் இப்போதே நூறு பிள்ளைகளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டது. நூறு பிள்ளைகள் அப்புச்சியோடு சேர்ந்து விழுந்து சிரிப்பதை நினைத்தால் எனக்கு இப்போதே சிரிப்பு வருகிறது.

பெயர் போடுகிற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. மாசக் கடைசிக்குள் ஃபாரம் வேண்டும்.

மாசாணி

சிங்காநல்லூர்
1.10.2024

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகம் என்று கௌதமன் போனில் சொன்னான். உங்களைக் கூப்பிடச் சொன்னேன். தோப்பில் இருப்பதாகச் சொன்னான். பின்னால் உங்கள் இருமல் கேட்டது.

எதற்காக மறைகிறீர்கள்? அப்புச்சி கோமாளி வேஷம் போட்டார் என்பது உங்களுக்கு வெட்கமா? கௌதமனின் மாமனார் வீட்டார் பார்த்தால் மரியாதை குறைந்துவிடுமா? மற்றவர்கள் நம்மைப் பெயரில்லாமல் விட்டது போதாதா? நாமும் அதையே செய்ய வேண்டுமா? அம்மா இருந்திருந்தால் முதல் கையெழுத்து அவள் போட்டிருப்பாள். கைநாட்டாவது வைத்திருப்பாள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாசாணியம்மாள்

கிணத்துக்கடவு
6.10.2024

அன்புள்ள மாசாணி,

நான் சுகம். அன்றைக்கு இருமியது நான்தான். உன்னிடம் பொய் சொல்லச் சொல்லிப் பேரப்பிள்ளைகள் எதிரில் கௌதமனைப் பழக்கியது தப்பு.

அது அப்புச்சிதான். ஜெராக்ஸைப் பார்த்த அன்றைக்கே தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த மெத்தை மட்டும் இல்லாவிட்டால் இப்போதும் சொல்லியிருக்கமாட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ குளித்துவிட்டு வரப் போன ஒரு மத்தியானம் சொன்னாள்.

அப்புச்சி பண்ணையத்து ஆள். நம் ஆட்கள் பெரிய வீதிக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. அடிபடாமல் விழுகிற வித்தை அவருக்குத் தெரியும். எருமை மேலிருந்து வேண்டுமென்றே விழுந்து பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாராம். அதைப் பார்த்துத்தான் கொட்டகைக்காரர் கூப்பிட்டார். முகத்தில் வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கரி, கோட்டு, தொப்பி, அளவில் பெரிய பூட்ஸ். வேஷம் கட்டினால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. வாயைத் திறக்கக் கூடாது. படமே பேசாத படம். அந்தப் பூட்ஸோடு அப்புச்சி பெரிய வீதியின் நட்டநடுவில் நடந்தார். நாலு மாசம் நடந்தார். அம்மாவுக்கு அப்போது ஏழு வயசு. வண்டிக்குப் பின்னால் நோட்டீஸ் பொறுக்கிக்கொண்டே ஓடுவாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்: "வீதியில என்னைய அப்பான்னு கூப்புடக் கூடாது கண்ணு." கூப்பிட்டால் ஆள் தெரிந்துவிடும்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வீதிக்கு ஒரு தடவைதான் விழ வேண்டும். விழுந்ததும் தப்பட்டை நிற்கும். வண்டியில் இருப்பவர் "மிச்சத்தைக் கொட்டகையில வந்து பாருங்கோ" என்று கத்துவார். வண்டி நகர்ந்துவிடும். பலாப்பழக்காரன் மாதிரிக்கு ஒரு சுளை கொடுப்பது போலத்தான். முழுப் பழத்தையும் வீதியிலேயே கொடுத்துவிட்டால் கொட்டகைக்கு யார் வருவார்கள்?

ஒரு நாள் பெரிய வீதியில் அவர் விழுந்து எழுந்து, வண்டி நகர்கிற நேரம். ஒரு பெரிய வீட்டுக் குழந்தை நோட்டீஸ் எடுக்கச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்துவிட்டது. அப்புச்சி கத்திவிட்டார். "சாமீ, கொழந்தைய எடுங்க சாமீ!" குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குரலை அங்கே எல்லோருக்கும் தெரியும். தினமும் வேலை சொல்லும்போது பதிலுக்குக் கேட்ட குரல். "அட, நம்ம நஞ்சான்" என்றார் ஒருவர்.

யாரும் அடிக்கவில்லை, மாசாணி. கை ஓங்கக்கூட இல்லை. எல்லோரும் பூட்ஸைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்கடா நஞ்சா, இன்னொருக்கா உழுவு பாக்கலாம்." விழுந்தார். "இன்னொருக்கா." விழுந்தார். கொட்டகைக்காரர் வண்டியில்தான் இருந்தார். கூட்டம் சேர்வதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. கல் பாவிய தரை. நாலு தடவை ஆயிற்று. நாலாவது தடவை எழுந்ததும் அப்புச்சி தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார்.

அம்மா முன்வரிசையில் நின்றிருந்தாள். இத்தனை பெரிய மனுஷர்களைத் தன் அப்பா சிரிக்க வைக்கிறார் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கையைத் தட்டிக்கொண்டு அவளும் கத்தினாள். "இன்னொருக்கா! இன்னொருக்கா!"

அப்புச்சி திரும்பி அவளைப் பார்த்தார். விழுந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்து அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாளாம்.

தென்னையிலிருந்து விழுந்தது அம்மாவைப் பெற்ற அம்மாயி கட்டிய கதை. அம்மாவுக்காகக் கட்டியது.

"அவிய நாலு தடவைதான் உழுவ வெச்சாங்க. இடுப்ப ஒடச்சது நானு. பாப்பாகிட்டச் சொல்லிப்போடாத, என்னையத் தப்பா நெனச்சுக்குவா." இது அம்மா சொன்னது. எழுபத்து மூன்று வயசில், மூக்கில் குழாயோடு. நான் சத்தியம் செய்தேன்.

வெட்கமா என்று கேட்டாய். வெட்கம் இல்லை. எனக்கு அந்த மெத்தைதான் பொறுக்கவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் நூறு பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

சிங்காநல்லூர்
12.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்துவிட்டு அப்படியே ஆட்டோ பிடித்து டவுன்ஹால் போனேன். மெத்தையை அன்றைக்குத்தான் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். என்னால் முடிந்த வரைக்கும் நானே இழுத்தேன். கிருபாசங்கர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான். "என்னாச்சுங்க டீச்சர்?" என்றான். "வேண்டாம் கண்ணு, எடுத்துப்போடு" என்றேன். அட்டை உருவத்தையும் மேலே இருந்த எழுத்தையும் எடுத்தாகிவிட்டது. போட்டோ மட்டும் சுவரில் இருக்கிறது, பெயர் இல்லாமல்.

போன கடிதத்தில் நான் எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உங்கள் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வீதிக்காரர்கள் மேல் கோபம் வந்தது. கொட்டகைக்காரர் மேல் அதைவிட அதிகமாக வந்தது. இருபத்தாறு வருஷம் இதைத் தனியாகச் சுமந்ததற்காக உங்கள் மேலும் வந்தது. அம்மா மேல் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. அவளிடம் நேரில் சொல்ல முடியாமல் போயிற்றே என்றுதான் அழுகை வந்தது.

ஒன்று எழுதுகிறேன், சரியா தப்பா என்று நீங்களே பாருங்கள். நாலு தடவையும் அவர் பயத்தில் விழுந்தார். விழாமல் இருக்க முடியாது. ஆனால் அதற்கப்புறம் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போயிருக்கலாம். மகள் கேட்டாள், அதனால் நின்றார். அந்த வீதியில் அன்றைக்கு அவர் இஷ்டப்பட்டு விழுந்தது அது ஒன்றுதான். மற்ற நாலோடு அதையும் சேர்த்து அம்மா ஏன் எண்ணினாள்? நாம் ஏன் எண்ண வேண்டும்?

அம்மா கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். பிடிவாதக்காரி. நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கையெழுத்து உங்கள் இஷ்டம். இனி ஃபாரத்தைப் பற்றி நான் கேட்கமாட்டேன். இன்னொரு கண்ணையும் காட்டிவிடுங்கள்.

தங்கள் தங்கை,
மாசாணி

கிணத்துக்கடவு
3.11.2024

அன்புத் தங்கை மாசாணிக்கு,

அண்ணன் ஆசிகள். தீபாவளி நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய சீடை வந்து சேர்ந்தது. டப்பாவை அண்ணி ஒளித்து வைத்திருக்கிறாள், சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சீடை என்ன செய்யும் என்று கேட்டால் முறைக்கிறாள்.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். உன்னிடம் சொன்னால் வந்து கையைப் பிடித்துக்கொள்வாய், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் சொல்லவில்லை. உக்கடத்தில் இறங்கி நடந்தேன். கண்டக்டர் சீட்டில் இருந்த பையன் எனக்கு டிக்கெட் கிழிக்க மறந்துவிட்டான். நானே கேட்டு வாங்கினேன்.

உள்ளே சுவரில் ஒரு பேசாப்படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஏணியோடு சேர்ந்து விழுகிறான். பிள்ளைகள் சிரித்தார்கள். வெளியே போய்விடலாம் என்று கால் திரும்பியது. போகவில்லை. நேராகப் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன்.

பௌர்ணமி என்று நீ அனுப்பியதில்கூட இவ்வளவு தெரியவில்லை. ஒற்றைக் காலில் நிற்கிறார், விழுவதற்கு முந்தின நொடி. உதட்டை இழுத்துப் பிடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார், மாசாணி. அவருக்கு அந்த வேலை பிடித்திருந்திருக்கிறது. நம் கௌதமன் ஸ்கூல் நாடகத்தில் நின்ற மாதிரியே இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் "யாருங்க அது?" என்று கேட்டார். "எங்க அப்புச்சிங்க" என்றேன்.

கிருபாசங்கரைத் தேடி ஃபாரத்தைக் கொடுத்தேன். கையெழுத்தைப் போட்டே கொண்டுபோயிருந்தேன். அவர் ஒரு வெள்ளை அட்டையையும் மார்க்கரையும் எடுத்து நீட்டினார். "பேர நீங்களே எழுதிக் குடுங்கய்யா. அப்பறம் அச்சடிச்சு வெச்சர்லாம்" என்றார்.

அப்புச்சி பெயரை நான் ஒருதடவைகூட எழுதியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எந்த ஃபாரத்தில் அம்மாவின் அப்பா பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் நஞ்சான் என்றே கூப்பிட்டார்கள். நான் பெரிய எழுத்தில் நஞ்சப்பன் என்று எழுதினேன். அதற்குக் கீழே அம்மா பெயரை வைத்து இன்னொரு வரியும் எழுதினேன். கிருபாசங்கர் குனிந்து பார்த்துவிட்டு, "அச்சடிக்க வேண்டாங்கய்யா, இந்தக் கையெழுத்தே இருக்கட்டும்" என்று அப்படியே சுவரில் ஒட்டிவிட்டார்.

நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தாள்: "நஞ்சப்பன். மாராத்தாளின் அப்பா."

அங்கேயே ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி பஸ்ஸை விட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில்தான் வீடு வந்தேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
அங்கப்பன்